முள்ளப்பன் தலையாட்டிய சாயங்காலம்

சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பொழுது விடிந்து இரண்டு நாழிகை. செங்கழனி ஏரிக்கரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கோரிக்கைகள் காத்திருந்தன. வரிசையின் கடைசியில் நின்றவள் பெயர் மருதி. அவள் ஓர் ஆட்காட்டிக் குருவி.

பிராணிகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில் உடம்புகள் இன்றுபோல் முடிந்துபோன காரியமாக இல்லை. படைத்தவர் ஏரிக் களிமண்ணைப் பிசைந்து ஒவ்வோர் உயிரையும் செய்து வெளியே அனுப்பியிருந்தார். கொஞ்ச நாள் வாழ்ந்து பார்த்த பிறகு குறை தெரிந்தால் கரைக்கு வந்து சொல்லலாம். திருத்தித் தருவார். முள்ளம்பன்றி முதலில் மொழுமொழுவென்றுதான் போனது. நரி விடவில்லை என்று திரும்பி வந்தது. முள் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதன் பக்கத்தில் படுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வழக்கம் அன்றோடு முடிவதாக இருந்தது. களிமண் தீர்ந்துவிட்டது.

"ஒரு பிடிதான் மிச்சம்" என்றார் படைத்தவர், சூளை வாசலில் உட்கார்ந்து. "ஒரு கோரிக்கைக்குத்தான் காணும். பொழுது இறங்கும்போது சூளையின் வாயை அடைத்துவிடுவேன். அடைத்ததும் உங்கள் மேல் இருக்கிற மண் இறுகிவிடும். அந்த நேரத்தில் யார் எப்படி இருக்கிறீர்களோ, அப்படியேதான் கடைசிவரைக்கும்."

அதைக் கேட்டதும் கரை முழுவதும் ஒரே கூச்சல். ஒருவர் ஒன்று கேட்டு முடிப்பதற்குள் நூறு பேர் "எனக்கும்" என்றார்கள். இதில் தவளைகளை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அணில் மரத்திலிருந்து எதையோ கேட்டால், ஏரியின் நடுவே மிச்சமிருந்த முழங்கால் தண்ணீரிலிருந்து "எனக்கும், எனக்கும், எனக்கும்" என்று சத்தம் எழும்பியது.

"என்ன உனக்கும்?" என்று படைத்தவர் ஒரு தவளையைக் கேட்டார்.

"அதான் சாமி, எனக்கும்" என்றது தவளை.

படைத்தவர் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற கொக்கைப் பார்த்தார். அந்தக் கொக்குக்கு நெட்டையார் என்று பெயர். சூளை வேலைகளைக் கவனித்துக்கொள்பவர். அவசரப்படாதவர், கூச்சல் பிடிக்காதவர், ஒற்றைக் காலில் நின்றே நாள் முழுவதையும் ஓட்டக்கூடியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விதி சொன்னார்.

"ஒரு கோரிக்கையை ஒருத்தர் சொன்னா போதும். மத்தவங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உடன்பாடுன்னா தலையை ஆட்டுங்க. நான் எண்ணிக்கிறேன். எதுக்கு அதிகத் தலை ஆடுதோ, அதுக்கு அந்தப் பிடி மண். ஆதரிக்கிறவன் வாயைத் திறந்தான்னா, அந்தக் கோரிக்கைக்கு ஒரு தலை குறையும்."

தவளைகளில் மூத்தது தண்ணீரிலிருந்து எட்டிப் பார்த்தது. "தலையாட்டணும்னா கழுத்து வேணுமே ஐயா. எங்களுக்கு அது இல்லையே."

"கழுத்து வேணும்னு ஒரு கோரிக்கை வை."

"வைக்கலாம். ஆதரிச்சுத் தலையாட்டுறது யாரு?"

நெட்டையார் அடுத்த கோரிக்கையைக் கூப்பிட்டார். தவளைகள் பழையபடி கத்திக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் எண்ணவில்லை.

விதி நல்ல விதி. அதைக் குறை சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை. தவளைகள் நீங்கலாகக் கரை அமைதியாயிற்று. கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. படைத்தவருக்கு முதல்முறையாக ஒவ்வொருவர் சொல்வதும் காதில் விழுந்தது.

மருதி கடைசியில் நின்றதற்குக் காரணம் இருந்தது. கூடு கட்ட மரக்கிளை வேண்டும். கிளையைப் பிடிக்கக் காலின் பின்பக்கம் நல்ல விரல் வேண்டும். ஆட்காட்டிக்கு அந்த விரல் பேருக்குத்தான் இருந்தது. ஒரு நெல் நீளம்கூட இல்லை. முன்விரல் மூன்றை வைத்து ஓடலாம், கிளையில் நிற்க முடியாது. அதனால் அவள் வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டாள். வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும். தண்ணீருக்கு ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அதன் மேல் உட்காருவாள். அன்று காலையும் அதைச் செய்துவிட்டு வருவதற்குள் வரிசை நீண்டுவிட்டது.

போன மாதம் இட்ட நான்கு முட்டைகளை எருமைகள் மிதித்துவிட்டன. தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் கிடந்தவை. எருமைகளுக்கு அது தெரியாது. கல் என்று நினைத்திருக்கும். கல் என்று நினைக்க வேண்டும் என்றுதான் அந்த முட்டைகளுக்கு அப்படி ஒரு நிறம்.

அதைப் பார்த்தது ஒரே ஆள். கரையோரக் கருவேல மரத்தில் குடியிருந்த ஓணான் முள்ளப்பன். இப்போதும் மருதியின் நான்கு முட்டைகள் அதே மரத்தின் அடியில்தான் இருந்தன.

இன்றைய ஓணானைப் பார்த்து முள்ளப்பனை எடை போடக்கூடாது. அந்த ஏரியிலேயே வாய் உள்ளவன் அவன்தான். கரையில் எது நடந்தாலும் முள்ளப்பன் சொல்லிக் கேட்டால்தான் நடந்த மாதிரி இருக்கும். நரிக்கும் கீரிக்கும் சண்டை வந்தால், இரண்டுமே பிறகு அவனிடம் வந்து யார் ஜெயித்தது என்று கேட்டுக்கொண்டு போகும்.

மத்தியானம் வரிசை நகராமல் நின்றிருந்த நேரத்தில் மருதி மரத்தடிக்கு வந்தாள்.

"முள்ளப்பா, எனக்குப் பேச்சு வராதுடா. நாலு பேர் பார்த்தாலே கத்திடுவேன். நான் விரல் வேணும்னு மட்டும் சொல்லிடறேன். முட்டை போன கதையை நீ சொல்லு."

"அக்கா, அந்த விதி கேட்டியா? ஆதரிக்கிறவன் வாய் திறந்தா ஒரு தலை குறையுமாம்."

"அப்ப என்ன செய்வே?"

"தலையாட்டுவேன். சும்மா இல்லக்கா, கிளையே குலுங்குற மாதிரி ஆட்டுவேன். நெட்டையார் கண்ணுல படாம போகாது."

"ஒருத்தன் ஆட்டி என்னடா ஆகப்போவுது?"

"எல்லாருக்கும் ஆட்டிட்டுதான் இருக்கேன். அவங்க சாயங்காலம் நமக்கு ஆட்ட மாட்டாங்களா?"

அது உண்மை. காலையிலிருந்து அவன் எல்லாக் கோரிக்கைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். நத்தை வேகம் கேட்டது, ஆட்டினான். எலி இறக்கை கேட்டது, ஆட்டினான். எலிக்கு இறக்கை வந்தால் ஓணானுக்கு என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. கேட்கிறவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். தலையை ஆட்டுவதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்பது அவன் எண்ணம். அன்று கரையில் பாதிப் பேர் எண்ணம் அதுதான்.

வெயில் சாய்ந்தபோது புறாக்கள் வந்தன. பாறைப் பொந்துகளிலிருந்து மொத்தக் குலமும் கிளம்பி வந்திருந்தது. மாடத்தான் என்ற கிழட்டுப் புறா முன்னால் வந்து நின்றது.

"சாமி, எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. இறக்கையும் நல்லாவே இருக்கு. ஆனா பார்க்க மங்கலா இருக்கோம். வெயில் பட்டா கொஞ்சம் மின்னினா நல்லா இருக்கும்."

"எதற்கு?" என்றார் படைத்தவர்.

"எதுக்குன்னா... நல்லா இருக்கும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இது பிடித்துப்போயிற்று. பாம்பும் அணிலும் மைனாவும்கூட ஆட்டின. மின்னும் நிறம் யாருக்குத்தான் பிடிக்காது? போதாததற்குப் புறாக்கள் நடந்தாலே தலை ஆடும். மாடத்தானின் ஆட்கள் நெட்டையார் முன்னால் மேலும் கீழும் நடந்தார்கள். அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் எண்ணினார். எண்ணக்கூடாது என்று விதியில் இல்லை.

மருதியின் முறை வந்தபோது சூரியன் ஏரியின் மேல்கரைக்கு ஒரு பனை உயரத்தில் இருந்தது.

"பின்னால ஒரு விரல், சாமி. கிளையைப் பிடிக்க. கீழ முட்டை வச்சா மிதிபட்டுப் போவுது" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

கூட்டம் சும்மா இருந்தது. விரல் தேவைப்பட்ட மற்றவர்களுக்கெல்லாம் அது இருந்தது. இல்லாததன் கஷ்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. கீழே முட்டையிடும் கௌதாரி ஆட்டியது, காடை ஆட்டியது, இன்னும் சிலர் ஆட்டினார்கள். கருவேலங்கிளை குலுங்கக் குலுங்க முள்ளப்பன் ஆட்டினான்.

"ஏழு" என்றார் நெட்டையார். "புறாவுக்கு எண்ணூத்திச் சொச்சம்."

படைத்தவர் கையில் இருந்த மண்ணைப் பார்த்தார். உடனே எழுந்திருக்கவில்லை.

"எண்ணிக்கை சரி. ஆனால் அவர்கள் கேட்பது மினுக்கு, இவள் கேட்பது உயிர். இவள் சொல்வது உண்மையானால் நான் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன்." அவர் எழுந்தார். "வா அம்மா. உன் முட்டைகள் எங்கே? காட்டு."

இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று மருதி நினைத்ததில்லை. இரண்டு அடி கருவேல மரத்தை நோக்கி வைத்தாள். பின்னால் படைத்தவரின் பாதம் தரையில் பதிந்தது. பெரிய பாதம். தரை அதிர்ந்தது.

ஆட்காட்டிக் குலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கால் ஒன்று முட்டையை நோக்கி வந்தால், தாய் முட்டைப் பக்கம் போகாது. எதிர்ப்பக்கம் பறந்து போய், ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து, உயிர் போவதுபோல் கத்தும். வருகிறவன் சத்தத்தின் பக்கம் போவான். முட்டை பிழைக்கும். இது யோசித்துச் செய்வதல்ல. கால் பட்டுத் தரை அதிர்ந்ததும் உடம்பு தானாகவே போய்விடும்.

மருதியின் உடம்பும் போய்விட்டது. கிழக்கே பறந்து, ஒரு வெற்றுத் திடலில் இறங்கி, சிறகை விரித்துக்கொண்டு கத்தினாள்.

படைத்தவர் அங்கே நடந்தார். குனிந்து பார்த்தார். கூழாங்கல்தான்.

"இங்கேயா?"

"இல்ல சாமி" என்றாள் மருதி. அவர் ஓர் அடி திரும்பினார். அந்த ஓர் அடியில் அவள் இன்னும் தள்ளிப் பறந்து அங்கே கத்தினாள். தப்பு செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை; இடத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. படைத்தவர் அங்கும் போய்க் குனிந்தார்.

புறாக்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "முட்டையே இல்லாத இடத்துல உக்காந்து முட்டைக்கு அழுவுறா" என்றது ஒன்று. "விரல் குடுத்தாலும் எந்த மரத்துல கூடு கட்டினோம்னு மறந்துடுவா" என்றது மற்றொன்று.

நெட்டையார் காலை மாற்றி நின்றார். "சாமி, பொழுது இறங்குது."

படைத்தவர் கூட்டத்தைப் பார்த்து, "முட்டை மிதிபட்டதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

கருவேலங்கிளை குலுங்கியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ பார்த்தாயா?"

முள்ளப்பன் ஆட்டினான்.

"முட்டைகள் எங்கே இருக்கின்றன?"

முள்ளப்பன் ஆட்டினான். அவனுக்கு நேர் கீழே, வேர்முண்டுக்குப் பக்கத்தில், நான்கும் கிடந்தன. மூன்று சொல் போதும். 'எனக்குக் கீழே, சாமி.' சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அக்காவுக்கு இருப்பதே ஏழு தலை. வாயைத் திறந்தால் ஆறாகிவிடும். அந்த ஒன்று தன்னால் போகக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு, இன்னும் வேகமாக ஆட்டினான்.

"எங்கே என்று கேட்கிறேன், தலையை ஆட்டுகிறானே" என்றார் படைத்தவர்.

"அவன் ஆட்டுறதை விடுங்க சாமி" என்றார் நெட்டையார். "காலையிலேர்ந்து எல்லாத்துக்கும்தான் ஆட்டுறான். எலி இறக்கை கேட்டப்பவும் ஆட்டினான்."

தூரத் திடலிலிருந்து மருதி கத்தினாள். "சொல்லுடா முள்ளப்பா. வாயைத் தெறந்து சொல்லுடா."

முள்ளப்பனின் தொண்டை புடைத்தது. தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

படைத்தவர் சூரியனைப் பார்த்தார். பிறகு சூளைக்குத் திரும்பி நடந்தார். அவர் கோபப்படவில்லை. பார்க்காததை அவரால் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை, எண்ணிக்கை கண்முன்னால் இருந்தது. ஒரு பிடி மண்ணில் ஏரியின் மினுக்கத்தைக் குழைத்துப் புறாக்களுக்குப் பூசினார். ஆள் அதிகம், மண் குறைவு. கழுத்தோடு தீர்ந்துவிட்டது. மாடத்தான் அதைப் பற்றி முணுமுணுத்தான். இறக்கைக்கும் வரும் என்று எதிர்பார்த்தானாம்.

சூரியன் ஏரிக்குள் இறங்கியது. படைத்தவர் சூளையின் வாயை அடைத்தார்; அப்போதும் முள்ளப்பன் வாயை இறுக்கிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பிராணிகள் கலைந்து போயின. தங்கள் மேல் மண் இறுகியதை அப்போது யாரும் உணரவில்லை. முள்ளப்பன் மட்டும் கிளையிலேயே இருந்தான். கூட்டம் போய்விட்டது, இனி யாரும் தலை எண்ணப்போவதில்லை, சூளைக்கு ஓடி நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அந்த நேரத்தில் எருமைகள் வந்தன.

வழக்கமான நேரம்தான். மேய்ச்சல் முடிந்து தண்ணீருக்கு வரும் நேரம். முன்னால் வந்தவள் கொம்பி. வயதானவள், மரியாதை தெரிந்தவள், அந்தி மயங்கினால் கண் தெரியாதவள். கிழக்கே திடலில் மருதி கத்துவது கேட்டு நின்றாள். எருமைக் கால்களில் தரை அதிர்ந்ததும் மருதி மறுபடியும் அங்கே போயிருந்தாள்.

"அந்தப் பக்கம் யாரோ குருவி கத்துது" என்றாள் கொம்பி, பின்னால் வருகிறவர்களிடம். "பாவம், குஞ்சு கிஞ்சு வச்சிருக்கும். அந்தப் பக்கம் போவ வேணாம்." பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் தெரிந்த நிழலை அவளுக்குத் தெரியும். வழி கேட்டால் நாள் முழுவதும் பேசுகிறவன்.

"முள்ளப்பா, உன் மரத்தடியில போவலாமாப்பா? வழியில ஒண்ணும் இல்லியே?"

முள்ளப்பன் வாயைத் திறந்தான். முழுக்கத் திறந்தான். இருக்கிறது, நில், நாலு முட்டை இருக்கிறது என்பதெல்லாம் தொண்டைக்கு வந்து அங்கேயே நின்றன. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தலை மட்டும் ஆடியது. மேலும் கீழும், மேலும் கீழும், கிளையே குலுங்கும்படி.

"நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டு, கொம்பி மரத்தடி வழியாக இறங்கினாள். மற்றவர்களும் பின்னால் இறங்கினார்கள்.

எருமைகள் தண்ணீருக்குள் போன பிறகு மருதி திரும்பி வந்தாள். வேர்முண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஓட்டுத் துண்டு ஒன்றை அலகால் புரட்டினாள். பிறகு மரத்தைப் பார்த்தாள்.

"பார்த்துக்கிட்டுத்தானேடா இருந்தே?"

முள்ளப்பன் தலையாட்டினான்.

"ஏண்டா சொல்லலை?"

முள்ளப்பன் தலையாட்டினான்.

அவள் திடல் பக்கம் பறந்துபோனாள்.

ஓணான் கிளையிலும் வேலியிலும் உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்காதபோதும் தலையாட்டிக்கொண்டிருப்பது அந்தச் சாயங்காலத்திலிருந்துதான். கோடை வந்து ஆட்காட்டிகள் முட்டையிடும் பருவத்தில் அதன் தொண்டை சிவந்துபோகும். வாயைத் திறக்கும், மூடும். ஆட்காட்டி இன்றும் தரையில்தான் முட்டையிடுகிறது. முட்டை இல்லாத இடத்தில்தான் கத்துகிறது. புறாவின் கழுத்து மின்னுகிறது. தவளைகள் மழை பெய்தால் மொத்தமாக ஒன்றையே சொல்கின்றன.

நெட்டையாரின் விதியை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கைபேசிச் செயலியில் இன்னின்ன வசதி வேண்டும் என்று அதைப் பயன்படுத்துவோர் கேட்பதற்கு ஒரு பக்கம் வைத்திருப்பார்கள். அதன் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கும்: 'எனக்கும் வேண்டும் என்று எழுத வேண்டாம். ஆதரவு தெரிவிக்கக் கட்டைவிரல் படத்தை அழுத்தினால் போதும்.' பக்கம் சுத்தமாக இருக்கும். எண்ணவும் எளிது. அப்படியும் சிலர் 'எனக்கும்' என்று எழுதத்தான் செய்கிறார்கள். அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றின் கோரிக்கைப் பக்கத்தில், கைபேசியின் ஒலி அணைத்திருந்தாலும் மணி அடிக்க வேண்டும் என்று பூங்கோதை என்பவர் ஒரே வரியில் கேட்டிருந்தார். மணி அடிக்காததால் அவர் கணவர் மாத்திரை தவறி ஒருமுறை மயங்கி விழுந்திருந்தார். அதை அவர் எழுதவில்லை. கோரிக்கையின் கீழ் முப்பத்தொரு கட்டைவிரல்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, கணவர் விழுந்த அன்று ஆட்டோ பிடித்துக் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போன எதிர்வீட்டுக்காரருடையது. அவரும் எதுவும் எழுதவில்லை.

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, அந்தக் கோரிக்கை 'ஆதரவு போதவில்லை' என்ற குறிப்புடன் மூடப்பட்டது. எண்ணூற்றுச் சொச்சம் கட்டைவிரல்கள் வாங்கியிருந்த கருநீலப் பின்னணி அன்றே அந்தச் செயலிக்கு வந்தது.